பழைய வகுப்புப் படங்களைப் புதுப்பித்துத் தரும் ஒரு வெள்ளவத்தைக் கடை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் முன்னறையில், பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து புதுப்பித்துத் தரும் சிறிய கடை ஒன்று இயங்குகிறது. இளம் தம்பதியரும் அவர்களுக்கு உதவியாக ஒரு பையனும் அங்கே வேலை செய்கிறார்கள். என்னுடைய பாடசாலைக் காலத்துப் படங்களையும் பல்கலைக்கழகக் காலத்துப் படங்களையும் அவர்களிடமே கொடுத்து வாங்கினேன். அவர்களுடைய வேலையில் மனமாரப் பாராட்ட வேண்டியவை பல இருக்கின்றன. ஏற்க முடியாமல் திருப்பிக் கொடுத்து மாற்றுவித்தவையும் சில இருக்கின்றன. இரண்டையும் ஒளிக்காமல் எழுதப்போவதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. இந்த வேலையைச் செய்யும் எந்தக் கடைக்குப் போனாலும் நான் இங்கே சொல்பவை பொருந்தும்.

கட்டண விபரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரண அஞ்சலட்டை அளவுப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில் ஸ்கேன் செய்ய 120 ரூபா. அட்டையில் ஒட்டிய பெரிய வகுப்புப் படத்துக்கு 400 ரூபா. கிழிசல், கறை, நிறமாற்றம் ஆகியவற்றைத் திருத்துவதற்குச் சேதத்தின் அளவைப் பொறுத்து 750 ரூபாவிலிருந்து 3,500 ரூபா வரை. படத்தைப் பழைய அளவிலேயே மீண்டும் அச்சிடுவதற்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். இரண்டு மடங்கு பெரிதாக்க விரும்பினால் 600 வேண்டும். இதைக் கடைக்காரரே எடுத்துச் சொல்லி, தேவைக்கு மேற்பட்ட நுணுக்கத்தை எங்கள் தலையில் கட்டாமல் விட்டது எனக்குப் பிடித்திருந்தது.

கொழும்பில் படங்கள் கெடுவதற்கு எவரும் எதுவும் செய்யத் தேவையில்லை. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் ஊர் இது. அதிலும் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளிய வீட்டின் அலுமாரியில் இருப்பவற்றைக் கேட்கவே வேண்டாம். புகைப்படத் தாளின் மேற்படை ஜெலற்றினால் ஆனது. ஈரம் பட்டால் அது இளகும், பூஞ்சணத்துக்கும் நல்ல உணவாகும். பூஞ்சணம் பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைக்கும் பழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. அப்படித் துடைத்தால் பூஞ்சணத்தோடு முகமும் சேர்ந்தே போய்விடும். இந்தக் கடையில் படங்களை முதலில் குளிரூட்டிய அறையில் உலரவிட்டு, பின்னர் மெல்லிய தூரிகையால் மட்டும் தட்டினார்கள். எழுபதுகளின் முடிவிலும் எண்பதுகளிலும் பரவலாக விற்கப்பட்ட ஒட்டுப்பசை ஆல்பங்களைப் பலர் இன்னும் வைத்திருப்பீர்கள்: பசைக் கோடுகள் ஓடிய அட்டை, அதன்மேல் பிளாஸ்ரிக் தாள். அந்தப் பசை காலப்போக்கில் மஞ்சளாகிப் படத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். என்னுடைய பல்கலைக்கழக ஆல்பம் அந்த வகைதான். கடைக்காரரின் மனைவி மெழுகு பூசாத மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் இடையில் விட்டு, அறுப்பதுபோல் அல்லாமல் மிக மெதுவாக நகர்த்தி, ஒரு படத்துக்குக் கால் மணித்தியாலம் எடுத்துக் கழற்றியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு மூலைகூட மடங்கவில்லை. கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்த பரிசளிப்பு விழாப் படத்தை மட்டும் கழற்ற மறுத்துவிட்டார்கள். இழுத்தால் படத்தின் மேற்படை கண்ணாடியோடு போய்விடும் என்று விளக்கி, இரு பக்கங்களிலிருந்தும் சரிவாக ஒளி பாய்ச்சி, கண்ணாடி வழியாகவே கமராவால் பிரதி எடுத்துத் தந்தார்கள். வேலை தெரிந்தவர்கள்தாம் மறுக்க வேண்டிய இடத்தில் மறுப்பார்கள். கையாளும் நிதானத்தில் இந்தக் கடைக்கு நான் முழுப் புள்ளிகள் கொடுக்கிறேன்.

திருத்த வேலையைப் பற்றி எழுதுவதற்கு, அந்தப் படங்களில் என்ன இருந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, 1983ஆம் ஆண்டு முதலாம் தவணையில் எடுத்த வகுப்புப் படம். கறுப்பு வெள்ளை, சாம்பல் நிற அட்டையில் ஒட்டப்பட்டது. வெள்ளைச் சீருடை, கழுத்துப்பட்டி, இரட்டைப் பின்னல் என்ற ஒரே கோலத்தில் நான்கு வரிசைப் பெண்கள். நடுவில் அதிபரும் வகுப்பாசிரியையும். அட்டையின் அடியில் ‘அமர்ந்திருப்போர், இடமிருந்து வலமாக’ என்று தொடங்கும் பெயர்வரிசை. அதன் கடைசியில் ‘சமுகமளிக்காதோர்’ என்று இரண்டு பெயர்கள். அன்று ஒருத்திக்கு அம்மை, மற்றவள் தமக்கையின் கலியாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். இரண்டாவது படம் அதே வகுப்பை 1984இல் எடுத்தது. வரிசைகள் மூன்றாகச் சுருங்கிவிட்டன. ‘சமுகமளிக்காதோர்’ என்ற வரியே அதில் இல்லை. அன்று பாடசாலைக்கு வராதவர் எவரும் இல்லை. வராமலே போனவர்களுடைய பெயர்கள் அதற்கு முன்பே இடாப்பிலிருந்து வெட்டப்பட்டிருந்தன.

1983 ஜூலை 25ஆம் திகதி திங்கட்கிழமை, தமிழருக்கு எதிரான கலவரத்தில் வெள்ளவத்தை எரிந்தபோது எங்களுடைய வகுப்பின் பெரும்பாலான குடும்பங்கள் வீட்டைவிட்டு ஓடின. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி உட்படப் பல பாடசாலைக் கட்டடங்கள் அகதி முகாம்களாயின. அங்கிருந்து பலர் வடக்கே காங்கேசன்துறைக்குப் புறப்பட்ட கப்பல்களில் ஏறினார்கள்; சிலர் சென்னைக்கும் பின்னர் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போனார்கள். நாங்கள் வெள்ளவத்தைக்கே திரும்பி வந்தோம். கடிதம் வர வர, போனவளின் தலைக்கு மேலே 1983ஆம் ஆண்டுப் படத்தில் நீல மைப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். அழுத்தி வைத்த புள்ளிகள். படத்தைச் சரித்துப் பிடித்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு குழியாக மின்னும்.

கடைக்காரர் தந்த திருத்திய பிரதியில் அந்தப் புள்ளிகளில் ஒன்றுகூட இல்லை. அவற்றை மைக்கறை என்று எண்ணி, பின்னாலிருந்த மாமரத்தின் இலைகளைக் கொண்டு ஒவ்வொன்றாக நிரப்பியிருந்தார்கள். வேலையின் தரத்தைப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை; எந்த இடத்தில் எடுத்தார்கள் என்பதை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. விளிம்பில் கறுப்புப் பகுதிகளில் படர்ந்திருந்த நீலச் சாயல் கொண்ட வெள்ளிப் பளபளப்பும், குறுக்காக ஓடிய மடிப்பும், கரப்பான் அரித்த மூலையும் அதே திறமையோடு மறைந்திருந்தன. எல்லாம் சேர்ந்து, ஒன்றுமே நடக்காத ஒரு வகுப்பின் படத்தை என் கையில் தந்தன.

“தம்பி, இந்தப் புள்ளியெல்லாம் நான்தான் வைச்சது” என்று சொன்னபோது அவர் ஒரு கணம் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “மன்னிக்க வேணும் அன்ரி, திருத்தாத ஸ்கேன் அப்பிடியே இருக்கு, அதிலயிருந்து திரும்பச் செய்து தாறன்” என்றார். மேலதிகக் கட்டணம் வாங்காமல் அன்றைக்கே செய்தும் தந்தார். மடிப்பும் வெள்ளிப் பளபளப்பும் போயின. புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எங்கள் இருவருக்கும் இடையில் அப்போது ஏற்பட்ட உடன்பாடுதான் மிச்ச வேலை முழுவதற்கும் விதியானது: இரசாயனமும் ஈரமும் பூச்சியும் செய்ததைத் திருத்தலாம், மனிதர் செய்ததைக் கேட்காமல் தொடக்கூடாது. இந்த வேலையைச் செய்பவர்கள் எல்லோரும் பொருளைக் கையில் வாங்கும்போதே, எதைக் கறை என்று கொள்வது என்று வாடிக்கையாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதே என்னுடைய முதலாவது வேண்டுகோள். கிறுக்கலும் எழுத்தும் கிழிசலும் சில வீடுகளில் படத்தைவிடப் பெறுமதியானவை.

அதே படத்தின் நடுவில் இருக்கும் வகுப்பாசிரியையைப் பற்றி ஒரு பந்தி எழுதாமல் போக முடியாது. அடிமட்டத்தின் ஓரத்தால் உள்ளங்கையில் அடிப்பவர் அவர். கணக்குப் பிழைத்தால் அடி, பின்னல் அவிழ்ந்தால் அடி. அடியைவிட அவர் வாய்தான் எங்களுக்குப் பெரிய பயம். என் தகப்பனார் புறக்கோட்டையில் கடைக் கணக்கப்பிள்ளையாக இருந்ததை முழு வகுப்பின் முன்னிலையில் சுட்டி, கணக்கப்பிள்ளையின் மகளுக்கே கூட்டல் வரவில்லையா என்று அவர் கேட்ட கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. அதே ஆசிரியை, ஜூலைக் கலவரத்தின்போது நாங்கள் முகாமில் இருந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வகுப்பு இடாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். கூட்டத்துக்குள்ளே நடந்து, அகப்பட்ட எங்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, பெயருக்கு எதிரே சரி போட்டார். கண்டுபிடிக்க முடியாதவர்களைப் பற்றி எங்களிடம் விசாரித்து ஓரத்தில் குறித்துக்கொண்டார். அதற்காக அவர் பட்ட பாட்டை நான் அறிவேன். அவருடைய வீடும் அந்தக் கிழமையில் எரிந்திருந்தது. இவ்வளவு காலம் போன பிறகும் அந்த முகத்தைப் படத்தில் பார்க்கும்போது எனக்குள் கோபமும் நன்றியும் சேர்ந்தே வருகின்றன. ஒன்று மற்றதைக் குறைப்பதுமில்லை. திருத்திய பிரதியில் அவருடைய நெற்றிச் சுருக்கங்களை மென்மையாக்கியிருந்தார்கள். அவற்றையும் திரும்பப் போடச் சொன்னேன்.

இனி, நான் மிகக் கடுமையாகக் கண்டிக்கும் விடயத்துக்கு வருகிறேன். முதல் தடவை கிடைத்த பிரதிகள் எல்லாவற்றிலும் முகங்கள் வெளிறியிருந்தன. மங்கிய படத்தின் ஒளியைச் சமப்படுத்தும்போது ஓரளவு வெளிச்சம் கூடுவது இயல்பு. இங்கே நடந்தது அதுவல்ல. முகங்களை மட்டும் தனியாகத் தெரிந்தெடுத்து, அவற்றை வெள்ளையாக்கியிருந்தார்கள். கேட்டபோது, கலியாணப் படங்களுக்கு எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள், பழகிப்போய்விட்டது என்று விளக்கம் தந்தார்கள். கலியாணப் படத்தில் அது யாருடைய விருப்பமோ தெரியாது. எங்களுடைய வகுப்புப் படத்தில் அதை என்னால் ஏற்க முடியாது. வாணி விழாவுக்கு ஆண்டுதோறும் போடும் நாடகத்தில் சரஸ்வதி வேடம் வசனத்தை மனனம் செய்தவளுக்குக் கிடைத்ததில்லை. வகுப்பில் எவள் வெள்ளையோ அவளுக்கே கிடைத்தது. கடைசி வரிசையில் நின்ற கறுத்த பெண்கள் நாங்கள் நாடக வசனம் முழுவதையும் மேடைக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுத்தோம். அந்த நிற வேறுபாடு படத்தில் தெளிவாகத் தெரிகிறது, தெரியவும் வேண்டும். நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு மென்பொருள் வந்து எங்களை எல்லோரையும் ஒரே நிறமாக்கிவிட்டால், அந்த நாடகத்தில் நடந்த அநியாயத்துக்குச் சாட்சியே இல்லாமல் போகும். கடைக்காரரின் மனைவி நான் சொன்னதை உடனே விளங்கிக்கொண்டார். தன்னுடைய பாடசாலையிலும் அதே கதைதான் என்று சொல்லி, அந்தப் படிநிலையை என் கட்டளையிலிருந்து முழுவதுமாக நீக்கினார். நீங்களும் கொடுக்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்: முகத்தின் நிறத்தைத் தொட வேண்டாம்.

அடுத்தது, செயற்கை நுண்ணறிவால் முகங்களைக் கூர்மையாக்குவது. இப்போது பல கடைகள் இதைச் செய்கின்றன; பார்த்தவுடன் வியப்பாகவும் இருக்கும். இதன் உள்ளே நடப்பதை அறிந்துகொள்வது நல்லது. மங்கிய முகத்தில் இல்லாத விபரத்தை எந்த மென்பொருளாலும் மீட்டெடுக்க முடியாது. தான் பயின்ற பல்லாயிரக்கணக்கான முகங்களைக் கொண்டு, இந்த இடத்தில் இப்படி ஒரு கண் இருக்கலாம், இப்படி ஓர் இமை இருக்கலாம் என்று அது புதிதாக வரைகிறது. கடைசி வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவளுடைய முகம் படத்தில் ஒரு பருப்பளவுதான் இருக்கும். கமரா சொடுக்கிய நொடியில் அவள் என்னிடம் எதையோ சொல்லத் திரும்பியதால் முகம் அசைந்து மங்கிவிட்டது. மென்பொருள் அவளுக்கு நேர்கொண்ட பார்வையையும் சீரான பற்களையும் கொடுத்திருந்தது. அழகான முகந்தான், ஆனால் அவளுடையது அல்ல. அவள் தமிழ்ப் பாடத்தில் எப்போதும் முதலாவதாக வருபவள், வாயை மூடத் தெரியாதவள், ஓகஸ்ட் மாதத்தில் கப்பலேறிப் போனவள். இரண்டு கடிதங்களுக்குப் பிறகு அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. அவளைப் பற்றி என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த அசைவுதான். அதைத் துடைத்துவிட்டு முன்பின் அறியாத ஒருத்தியை எனக்குப் பக்கத்தில் நிறுத்தி வைப்பதற்குப் பணம் வாங்குவது சரியான சேவையாக எனக்குப் படவில்லை. பெயர் தெரியாத சிறிய முகங்களை எவரும் கவனித்துக் கேட்கமாட்டார்கள் என்ற நினைப்பில்தான் இது நடக்கிறது. கடை இந்தப் படிநிலையையும் நீக்கித் தந்தது. என்றாலும் கேட்காமலே செய்திருந்தார்கள் என்பதைப் பதிவு செய்கிறேன்.

கண்ணாடியோடு ஒட்டிய பரிசளிப்பு விழாப் படத்தின் பிரதி நன்றாக வந்திருக்கிறது. அது 1984இல் எனக்குத் தமிழில் முதற்பரிசு கிடைத்த நாள். எங்கள் வீட்டு மண்டபத்தில் அம்மா தன் கடைசி நாள்வரை அதைக் கழற்றவிடவில்லை. வருபவர்களிடம் எல்லாம் காட்டுவார். மேலே சொன்னவள் போயிராவிட்டால் அந்தப் பரிசு எனக்குக் கிடைத்திராது என்பது எனக்கும் தெரியும், வகுப்புக்கும் தெரியும். படத்தில் நான் சிரிக்கவில்லை. அம்மாவுக்காக மட்டுமே அதைப் பெரிதாக அச்சிடக் கொடுத்தேன்.

சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் எல்லோரும் எழுதிக்கொண்ட ஓட்டோகிராப் கொப்பியையும் ஸ்கேன் செய்துகொண்டேன். முதுகு உடைந்த கொப்பி என்பதால் ஸ்கேனரின் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தாமல், மேலிருந்து கமராவால் பக்கம் பக்கமாக எடுத்தார்கள். பென்சில் எழுத்துகளும் தெளிவாக இருக்கின்றன. சில பக்கங்களில் கோணல் எழுத்தில் வாழ்த்து, சிலவற்றில் சண்டைக்குப் பிந்திய மன்னிப்பு, ஒன்றில் வலைப்பந்துக் குழுவில் எங்களோடு விளையாடிய சிங்கள மொழிமூல வகுப்புத் தோழி தமிழ் எழுத்தைக் கஷ்டப்பட்டுப் பழகி எழுதிய என் பெயர். ஒரே பாடசாலை, ஒரே மைதானம், வெவ்வேறு மொழிமூலம். மைதானத்தைத் தவிர வேறெங்கும் நாங்கள் சந்தித்துக்கொள்ள வகையிருக்கவில்லை. இந்த வேலைக்குப் பக்கமொன்றுக்கு 60 ரூபா வாங்கினார்கள். நியாயமான விலை.

பல்கலைக்கழக ஆல்பத்தின் சிக்கல் முற்றிலும் வேறு. அவை எல்லாம் வண்ணப் படங்கள். அந்தக் காலத்து வண்ணத் தாள்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் மூடி வைத்தாலும் மங்கிக்கொண்டே போகும். அதனால் படம் முழுவதும் செம்மை ஏறிவிடும். போதாக்குறைக்கு, பட்டுத்துணி போன்ற பொறிப்புள்ள தாள். ஸ்கேன் செய்தால் அந்தப் பொறிப்பு முகங்களுக்கு மேல் சல்லடையாக விழும். இங்கேதான் கடையின் திறமை முழுவதும் வெளிப்பட்டது. பொறிப்பு விழாதபடி, முனைவாக்கிய ஒளியில், அதாவது ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டிய ஒளியில், கமராவால் பிரதி எடுத்தார்கள். நிறத்தைச் சரிசெய்வதற்கு என்னிடம் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள்: பின்னாலிருக்கும் சுவர் வெள்ளையா, இளமஞ்சளா? நீங்கள் உடுத்திருக்கும் சேலை இப்போதும் இருக்கிறதா? சேலை இருந்தது, கொண்டுபோய்க் கொடுத்தேன். மயில் கழுத்துப் பச்சையில் அரக்குக் கரை. அதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு திரையில் பச்சையை ஏற்றினார்கள். ஏற்ற ஏற்ற, செம்மண் நிறத்தில் கிடந்த புல்வெளி புல்லாகியது, எங்கள் முகங்களும் எங்கள் முகங்களாகின. இந்தத் திருத்தத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அந்தச் செம்மையை நாங்கள் வாழவில்லை, சாயம் வெளிறியதால் வந்தது அது.

அந்தப் படங்களில் உள்ள நாங்கள் வயதில் சற்று முதிர்ந்தவர்களாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. 1987இல் உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள் நாங்கள். நான்கு பாடங்களின் மொத்தப் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் எங்கள் தலைவிதியைத் தீர்மானித்த காலம். கொழும்பு மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி எப்போதும் உயரத்திலேயே நிற்கும்; அதைத் தாண்டியும் உள்ளே போக முடியவில்லை. தெற்கில் ஜே.வி.பி. நடத்திய கிளர்ச்சியும் அதை அரசு அடக்கியதன் கொடூரமும் சேர்ந்து, 1987இன் பிற்பகுதியிலிருந்து 1990 வரை பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூடியே கிடந்தன. அனுமதி கிடைத்தும் ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருந்தோம். நான் ரியூட்டரி ஒன்றில் சிறுபிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். உள்ளே போனபோது இருபத்திரண்டு வயதாகியிருந்தது.

பல்கலைக்கழகத்தை நான் நேசித்தேனா என்று கேட்டால் ஒரே சொல்லில் விடை சொல்ல என்னால் ஆகாது. பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இல்தான் வந்தது. எங்களுடைய காலத்தில் அதைத் தட்டிக் கேட்பவர் எவரும் இல்லை, முதற்கிழமைகளில் எங்களுக்கு நடந்தவற்றை எழுத இன்றும் கை கூசுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சக மாணவிகள், போரால் தரைவழி மூடியிருந்ததால், கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்து வந்து, கொழும்பில் அறை எடுத்து, பொலிசில் பதிந்து, சோதனைச் சாவடிக்குச் சாவடி அடையாள அட்டை காட்டி விரிவுரைக்கு வந்தார்கள். அவர்களுக்கு நான் கொழும்புப் பெண், ஊர் அறியாதவள். மற்றவர்களுக்கு நான் தமிழ்ப் பெண், அவ்வளவுதான். எந்தக் கூட்டத்திலும் முழுதாகச் சேராமலே முதலாம் ஆண்டு போனது. ஆனால் நூலகத்தின் மேல்மாடியில் ஒரு நீண்ட மேசை இருந்தது. அதில் மாலை மூடும் மணிவரை இருந்து வாசித்ததையும், எதிரே இருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை தன் அறைக்கு அழைத்துப்போய் ஒடியல் புட்டு அவித்துத் தந்ததையும், அன்றிலிருந்து இன்றுவரை அவள் எனக்கு உடன்பிறவாத சகோதரியாக இருப்பதையும் வேறெந்த இடமும் எனக்குத் தந்திராது. ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் பட்டமளிப்பு மேலங்கியோடு நாங்கள் இருவரும் நிற்கிறோம். அந்தப் படத்துக்குத் திருத்தமே தேவைப்படவில்லை. பசை மட்டும் எடுத்தார்கள்.

சேவையின் மற்ற அம்சங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொன்ன தவணைக்குத் தரமாட்டார்கள். ஒரு கிழமை என்றால் இரண்டு கிழமை என்று எண்ணிக்கொள்ள வேண்டும். தாமதத்தை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அறிவித்துவிடுகிறார்கள் என்பதால் அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. பற்றுச்சீட்டில் ஒவ்வொரு படத்தையும் இலக்கமிட்டு எழுதி, வாங்கும்போது எண்ணிக் கொடுக்கிறார்கள். மூலப்படங்களை அமிலமற்ற தாளில் தனித்தனியே சுற்றித் திருப்பித் தந்தது நான் எதிர்பாராத கவனம். தங்களுடைய முகநூல் பக்கத்தில், முன்னும் பின்னும் என்று எங்கள் வகுப்புப் படத்தைப் போட அனுமதி கேட்டார்கள். மற்றவர்களுடைய முகங்களுக்கு நான் அனுமதி தர முடியாது என்று சொன்னதும் வற்புறுத்தவில்லை. கோப்புகளை ஒரு மாதத்துக்குப் பின் தங்கள் கணினியிலிருந்து அழித்துவிடுவதாகவும் எழுதித் தந்தார்கள்.

கோப்பு வடிவத்தைப் பற்றி ஒரு குறை. கேட்காவிட்டால் ஜேபெக் (JPEG) வடிவத்தில் மட்டுமே தருகிறார்கள். அது தொலைபேசியில் அனுப்புவதற்கு வசதியானது. ஆனால் ஒவ்வொரு தடவை திருத்திச் சேமிக்கும்போதும் விபரத்தை இழக்கும். காலத்துக்கும் வைத்திருக்க, அப்படி இழக்காத டிஃப் (TIFF) வடிவந்தான் ஏற்றது. திருத்தாத ஸ்கேனையும் திருத்திய பிரதியையும் வெவ்வேறாக டிஃப் வடிவத்தில் தரும்படி கேளுங்கள். மேலதிகமாகப் பணம் கேட்கமாட்டார்கள். பென் டிரைவ் மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும். திருத்தாத ஸ்கேன் கையில் இல்லாமல் கடையை விட்டு வெளியேறாதீர்கள். எனக்கு என்னுடைய புள்ளிகள் திரும்பக் கிடைத்தது அதனால்தான்.

மொத்தத்தில், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் பழைய வகுப்புப் படங்களை அலுமாரியில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வகைக் கடையை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்; பூஞ்சணம் உங்களுக்காகக் காத்திருக்காது. ஒரே ஒரு நிபந்தனை: படங்களைக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், பக்கத்தில் இருந்து, ஒவ்வொன்றிலும் எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று சொல்லி எழுதுவியுங்கள். ஐந்துக்கு நான்கு புள்ளிகள் கொடுக்கிறேன். கேட்காமல் முகத்தைத் தொடும் பழக்கத்தை அவர்கள் நிறுத்தினால் மிச்ச ஒன்றையும் கொடுப்பேன். என் யாழ்ப்பாணத்துத் தோழி, இடப்பெயர்வில் தப்பிய தன்னுடைய பாடசாலைப் படங்களை அனுப்பியிருக்கிறாள். அவற்றையும் இந்தக் கடைக்கே கொண்டுபோகிறேன்.